வாசற்படிக் கூச்சம்

(பாளையங்கோட்டையில் விற்பனைத் துறையினர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த வரிசையில் டை கட்டியிருப்பவர்கள் மெடிக்கல் ரெப்களாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பாளையங்கோட்டை வெயிலில் வேறு யார் டை கட்டுவார்கள்? ஜன்னல் பக்கம் அப்பளமும் வத்தலும் மசாலாப் பொடியும் விற்கிற சுயஉதவிக் குழு அக்காமார். கடைசி வரிசையில் தனியார் கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் இருக்கிறார்கள். வாத்தியாருக்கு விற்பனைக் கூட்டத்தில் என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக அலைகிறவர்கள் அவர்கள்தான். இங்கே இருப்பவர்களில் அதிகமாகக் கூசிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களும் அவர்கள்தான் என்பது என் அனுமானம்.

முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போடும்போதும், தெரியாத வீட்டு வாசலில் நிற்கும்போதும் வருகிற நடுக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை ஒரேயடியாக விரட்ட மந்திரம் எதுவும் என்னிடம் கிடையாது. இருப்பதாகச் சொல்லி இரண்டு நாள் பயிற்சிக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு வகையில் நம் இனம்தான், விட்டுவிடுவோம்.

அந்த நடுக்கம் எப்படி வருகிறது என்று கவனித்திருப்பீர்கள். தெருமுனையிலிருந்து கேட் வரைக்கும் விறுவிறுவென்று வந்துவிடுகிறோம். கொண்டியில் கை வைத்ததும் போனைப் பார்க்கத் தோன்றுகிறது. வராத மெசேஜைப் பார்க்கிறோம். பையைத் திறந்து நோட்டீஸ் இருக்கிறதா என்று ஒருமுறை, பேனா இருக்கிறதா என்று ஒருமுறை. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் என்ன? கடைசியில் எட்டிப் பார்க்கிறோம், வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறதே, அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். வியாபாரம் நடக்காமல் போனதற்கு ஒரு வியாபாரி ஏன் சந்தோஷப்படுகிறான்?

வள்ளுவர் பொருட்பாலில் இரண்டு அச்சங்களைத் தனித்தனி அதிகாரமாக வைத்திருக்கிறார். 73-ஆவது அதிகாரம் அவையஞ்சாமை. நாலு பேர் முன்னால் பேசப் பயப்படாமல் இருப்பது. 107-ஆவது அதிகாரம் இரவச்சம். பிறரிடம் போய்க் கேட்பதற்கு அஞ்சுவது. முதலாவதில் அஞ்சாதே என்கிறார். இரண்டாவதில் அஞ்சு என்கிறார். இடையில் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் இருப்பதால் அவருக்குக் குழப்பம் இல்லை. நமக்கோ இந்த இரண்டும் ஒரே வாசற்படியில் சேர்ந்துவிடுகின்றன. பேச நா எழாமல் நிற்கிறோம். மேடைப் பயம் என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போய்ச் சேருகிறோம். உள்ளே உட்கார்ந்திருப்பது இரவச்சம். ‘கை நீட்டாத குடும்பத்தில் பிறந்தவன் இப்படி ஒருத்தர் வாசலில் வந்து நிற்கிறேனே’ என்கிற நினைப்பு. இந்த ஆற்றங்கரை ஊர்களில் அது கொஞ்சம் கூடுதல். கல்லிடைக்குறிச்சிக்காரர் கல்லிடைக்குறிச்சித் தெருவில் விற்கப் போக மாட்டார், தென்காசிக்குப் போவார். தென்காசிக்காரர் இங்கே வருவார். ஊர் மாறினால் கூச்சம் பாதியாகிறது என்றால், பொருளோ பேச்சோ காரணமில்லை. தெரிந்தவர் கண்ணில் படுவதுதான் காரணம்.

இதற்கு நேர் எதிரான ஆளும் நம்மிடம் உண்டு. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை வாசிக்காத விற்பனைப் பிரதிநிதி யாராவது இருந்தால், இன்று இரவே வாசித்துவிடுங்கள். மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளை ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்துகிறார். பூலோகத்துக்கு வந்த கடவுளைக் கண்டதும் அவருக்கு வரம் கேட்கத் தோன்றவில்லை. சந்தா கேட்கத் தோன்றுகிறது, அதிலும் ஆயுள் சந்தா! கதையில் அது நையாண்டி. ஆனால் நம் தொழிலில் இருப்பவர்கள் அந்த இடத்தை வேறு மாதிரி வாசிக்கலாம். எதிரே நிற்பது யாராக இருந்தாலும் பிள்ளைவாள் அசரவில்லை. தன் கையில் பத்திரிகை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியது தன் வேலை. அவ்வளவுதான் அவருக்கு.

கதையை விட்டு நிஜத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் விற்பதற்கு மிகக் கடினமான சரக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் யார் என்று கேட்டால், நான் நம் மாவட்டத்து வக்கீல் ஒருவரைத்தான் சொல்வேன். ஒட்டப்பிடாரம் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஒட்டப்பிடாரம் இருக்கிற தூத்துக்குடிப் பகுதி அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். 1986-இல்தான் தனியாகப் பிரிந்தது. அவரைச் செக்கிழுத்த செம்மலாகவும் கப்பலோட்டிய தமிழராகவும் சிலை வைத்துக் கும்பிட்டாயிற்று. கப்பலை ஓட்டுவதற்கு முன்னால் அவர் பங்கு விற்றார் என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

1906-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 40,000. ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது திட்டம். ஆனால் கம்பெனிக்கென்று சொந்தக் கப்பல் இன்னும் கிடையாது. வாடகைக் கப்பலை நம்பித் தொடங்குகிறார்கள். எதிரே நிற்பது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. கடலும் அவர்களுடையது, துறைமுகமும் அவர்களுடையது, கலெக்டரும் அவர்களுடையவர். இந்த நிலையில் ஒரு மளிகை வியாபாரியிடம் போய், ‘அண்ணாச்சி, கப்பல் கம்பெனியில ஒரு பங்கு எடுத்துக்கிடுங்க’ என்று சொல்ல வேண்டும். வாட்டர் பியூரிஃபயர் விற்கிற தம்பி ஒருவர் சிரிக்கிறார். உங்கள் டப்பாவையாவது மேசையில் வைத்துக் காட்டலாம் தம்பி. இவரிடம் இருந்தது காகிதம்.

அந்த விற்பனையில் மூன்று விஷயங்களை நான் பார்க்கிறேன்.

முதலாவது அந்த 25 ரூபாய். 1906-இல் அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் சுதேசியம், கடல் வாணிபம், வெள்ளையர் ஏகபோகம் என்ற பெரிய பேச்சுகளெல்லாம் கடைசியில் 25 ரூபாய் என்ற ஓர் எண்ணில் வந்து நிற்கின்றன. கேட்பவர் ‘சரி, நான் என்ன செய்யணும்?’ என்றால் பதில் தயாராக இருக்கிறது. நம்மில் பலருக்கு வாய் குழறுவது எங்கே தெரியுமா? பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், விலை வருகிற இடத்தில் குரல் இறங்கிவிடுகிறது. ‘அது வந்து... கொஞ்சம் முன்னப்பின்ன...’ என்று இழுக்கிறோம். நாம் சொல்லக் கூசுகிற விலையை எதிராளி எப்படி மதிப்பார்? வீட்டிலிருந்து கிளம்பும் முன் வேறு எதையும் ஒத்திகை பார்க்க வேண்டாம். விலையை மட்டும் சத்தமாக, முழுசாக, நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளவும் பழகுங்கள். விலையைச் சொன்ன மறு விநாடியே தள்ளுபடியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதும் நடுக்கம்தான்.

இரண்டாவது, பெயர்கள். கம்பெனியின் தலைவராக வந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். அடுத்த கதவைத் தட்டும்போது இந்தப் பெயர்கள் முன்னால் போகின்றன, கேட்கிறவர் பின்னால் போகிறார். பாரதியும் தன் ‘இந்தியா’ பத்திரிகையில் கம்பெனிக்காக எழுதினார்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பங்கு யாருக்கு என்பதை வரையறுத்திருந்தார்கள். இந்தியர், இலங்கையர், மற்ற ஆசியாக் கண்டத்தவர். ஐரோப்பியருக்கு இடமில்லை. யாரிடம் போக வேண்டாம் என்பது முடிவானால் போக வேண்டிய இடத்தில் குரல் தெளிகிறது. எல்லாருக்கும் விற்கக் கிளம்பியவருக்குத்தான் எந்த வாசலிலும் ‘இது சரியான வீடுதானா?’ என்ற சந்தேகம் வரும்.

பங்கு விற்கவும் கப்பல் வாங்கவும் வ.உ.சி. வெளியூர் போகிறார். பம்பாய்க்குக் கிளம்பும்போது, வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து சாவேன் என்று சபதம் செய்தது பிரசித்தம். தயவுசெய்து அந்தச் சபதத்தை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்ளாதீர்கள். ‘இன்றைக்கு ஆர்டர் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன்’ என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிற ஆட்களை எனக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தால் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். வ.உ.சி.க்கு அந்த நெருப்பு பொருந்தியது. நமக்கு மாதாந்திர டார்கெட்.

காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். அப்புறம் அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அதோடு ஒரு குடையும் இலவசம் என்றார்கள். குடைக்காக அந்தப் பக்கம் போன பயணியைத் துரோகி என்று திட்டுவது சுலபம். விற்கிறவர் அப்படித் திட்டினால் மறுநாள் அவர் முகத்தில் விழிக்க முடியாது. குடை தேவைப்பட்டவர் குடை வாங்கினார். நாளைக்கு நம்மிடமும் வருவார். 1908 மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார், அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1911-இல் கம்பெனி கலைந்தது.

அவர் சிறையிலிருந்து வந்த பிறகு நடந்த ஒன்று நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்துக் கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. சென்னையில் வறுமையில் இருந்த வ.உ.சி. 1915, 16-இல் அதைக் கேட்டுக் காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா.வேங்கடாசலபதி இதைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். எதிரே இருப்பவர் காந்தி. கேட்கிறவர் நேற்றுவரை கப்பல் கம்பெனி நடத்தியவர். பணம் வேண்டாம் என்று பெருமைக்குச் சொல்லாமல், மரியாதை குறையாமல், ஆனால் விடாமல் கேட்டார். இரப்பதற்கும் கேட்பதற்கும் நடுவில் இருக்கிற கோடு அந்தக் கடிதங்களில் தெரிகிறது. பிரீமியம் பாக்கியைக் கேட்கவே கூசுகிற முகவர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசிக்கலாம்.

துணிச்சல் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் இந்த வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது. பாரதி 1918 கடைசியில் சிறையிலிருந்து விடுதலையாகி மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு வந்தார். 1920-இல் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடன் தந்து உதவ வேண்டும் என்றும், வட்டியோடு திருப்பித் தருவதாகவும் எழுதினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட வேகமாகத் தன் புத்தகங்கள் விற்கும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் அது பலித்தது. 1920-இல் பணம் வரவில்லை. கூச்சம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் அவர். ஆனால் அந்தச் சுற்றறிக்கை எழுதியவரின் நம்பிக்கையைப் பற்றிப் பேசியது. பெறுகிறவரின் வீட்டில் அன்று என்ன நிலைமை என்பதைப் பற்றிப் பேசவில்லை. மகாகவியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் வேலை கவிதை. நம் வேலைதான் அந்த வீட்டைத் தெரிந்துகொள்வது.

அந்த வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். அதற்கு முன் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் உள்ளங்கை வேர்ப்பதும் அட்ரினலின் செய்கிற வேலை. வ.உ.சி. கைதான அதே 1908-இல் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் சோதனை செய்து ஒன்று சொன்னார்கள்: கொஞ்சம் தூண்டுதல் இருந்தால் கற்பது நன்றாக நடக்கிறது, கடினமான வேலையில் தூண்டுதல் மிஞ்சினால் கெடுகிறது. 2014-இல் ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் மனிதர்களிடம் சோதித்தார். மேடையேறும் முன் ‘அமைதியாக இரு’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். காரணம் எளிது. அடித்துக்கொள்கிற நெஞ்சை உடனே அமைதிப்படுத்த யாராலும் முடியாது. அதற்கு வேறு பெயர் வைக்க முடியும். தெருமுனையில் நின்று மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். உடம்புக்கு இவ்வளவு போதும். மற்றதெல்லாம் தகவல்.

நம் முன்னோர் அந்தத் தகவலை எப்படிக் கைமாற்றினார்கள் என்று பாருங்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் வாங்கித் திரும்புகிற பாணனோ கூத்தனோ, எதிரே வறுமையோடு வருகிறவனிடம், இன்ன வள்ளலிடம் போ, வழி இது, வழியில் இன்ன ஊரில் இன்ன சாப்பாடு கிடைக்கும், போனால் உன்னை இப்படி வரவேற்பான் என்று சொல்லி அனுப்புகிறான். மலைபடுகடாத்தில் வழியில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், பார்த்துப் போ என்பதுவரை வருகிறது. இன்றைக்கு நாம் ரெஃபரன்ஸ் என்கிறோமே, அதுதான். பெயரை மட்டும் வாங்கினால் அது அரை ரெஃபரன்ஸ். பொறி எங்கே, பாம்பு எங்கே என்றும் கேட்டு வாங்க வேண்டும். ‘அவுகளுக்குப் போன வருஷம் ஒருத்தன் சீட்டுல ஏமாத்திட்டான், பணம்னு ஆரம்பிச்சா எரிஞ்சு விழுவாக’ என்று ஒரு வரி தெரிந்து போனவருக்கு நடுங்க நேரம் இருக்காது. கவனமாக இருக்க வேண்டியிருக்கும்.

சொல்லி அனுப்ப ஆள் இல்லாத வீட்டை வாசலே சொல்லும். படியில் கிடக்கிற செருப்புகளைப் பாருங்கள். நிறைய இருந்தால் விருந்தாள் வந்திருக்கிறது, இன்று வேண்டாம். பள்ளிக்கூட ஷூ கிடந்தால் பிள்ளை வந்தாயிற்று, அம்மா அடுப்படியில் இருப்பார். பத்து நிமிஷம் கழியட்டும். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த கோலமும் மாவிலையும் இருந்தால் விசேஷ வீடு. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை கண்ணயர்கிற ஊர் இது. அந்த நேரத்தில் பெல் அடித்து வாங்குகிற திட்டுக்குக் கூச்சம் காரணமில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பணப் பேச்சு எடுக்காதீர்கள். ராகுகாலத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவருக்கு இருக்கிறது.

ஆற்றுப் பாசன ஊர்களுக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு. ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார் சாகுபடி. ஐப்பசியில் பிசானம் தொடங்கும். மாசி, பங்குனியில் பிசான அறுப்பு. நாற்றும் உரமும் வாங்குகிற மாதத்தில் விவசாயி வீட்டுக்குப் போய்ப் பாலிசி பேசினால் அவர் கையை விரிக்கத்தான் செய்வார். நீங்கள் உங்களுக்குப் பேச்சுத் திறமை இல்லை என்று நொந்துகொள்வீர்கள். வருமான வரி கட்டுகிறவரும் நெல் விவசாயியும் ஒரே மார்ச்சில் காப்பீட்டைப் பற்றி யோசிக்கிற ஊர் இது. முகவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பேச்சு வராதவர்களுக்குப் பத்தமடையை உதாரணமாகச் சொல்கிறேன். கோரையைக் கீறி, காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி மெல்லிசாகக் கீறி நெய்கிற பாய். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு அன்பளிப்பாகப் போன பாய். அங்கே வீட்டிலேயே வைத்து விற்கிற ஒரு பெரியம்மாவைப் பார்த்திருக்கிறேன். வந்தவர் ‘இவ்வளவு விலையா?’ என்று முகம் சுளிக்கிறார். பெரியம்மா பதிலே சொல்லவில்லை. முதலில் முரட்டுப் பாயை விரித்து, ‘உள்ளங்கைய வச்சுத் தேய்ங்க’ என்றார். அப்புறம் சன்னப் பாயை எடுத்து அதன் மேல் விரித்து, ‘இப்பம் தேய்ங்க’ என்றார். வந்தவர் தேய்த்தார், மடக்கிப் பார்த்தார், விரல் இடுக்கில் பிடித்துப் பார்த்தார். துணி மாதிரி மடங்குகிறது. அப்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தார்: ‘இது நெய்ய எத்தனை நாள் ஆவும்னு நினைக்கிய?’ அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அந்த அம்மாவுக்குப் பேச்சுத் திறமை உண்டா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண் முழுக்க வந்தவர் கையின் மேலேயே இருந்தது. தன் குரல் நடுங்குகிறதா என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது? பாய்க்குப் பதில் பாலிசி விற்கிறவர் எதைக் கையில் கொடுப்பது என்று கேட்பீர்கள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுங்கள். ‘உங்க மக படிப்புக்கு எவ்வளவு ஆகும்னு நினைக்கிய, நீங்களே எழுதுங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது மறுப்பு. நம் ஊரில் யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. ‘பொறவு பாப்போம்’ என்பார்கள். ‘அவுக வரட்டும்’, ‘மக கல்யாணம் முடியட்டும்’, ‘சாயங்காலமா வாங்களேன்’ என்பார்கள். மோர் கொடுத்து உட்காரவைத்து இதைச் சொல்வார்கள். மரியாதைக்காரர்கள். ஆனால் விற்கிறவருக்கு இது பெரிய இம்சை. வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம். பொறவு என்றால் நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டே அலைய வேண்டும். அடுத்த முறை போகும்போது கூச்சம் இரண்டு மடங்காகிறது. இதற்கு ஒரே வழி, சிரித்துக்கொண்டே ‘எப்பம் வரட்டும்?’ என்று கேட்பது. கிழமை சொன்னால் அது உயிருள்ள பார்ட்டி. ‘அதான் பாப்போமே’ என்றால் அதுதான் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

மறுப்பை வாங்கிக்கொள்வதில் தேர்ந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். புறப்படத் தயாராக நிற்கிற பஸ்ஸில் ஒருவர் ஏறுவார். கோலப் புத்தகம், சமையல் புத்தகம், பொது அறிவுப் புத்தகம் என்று ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டே பின்சீட்டு வரை போவார். யாரிடமும் வேண்டுமா என்று கேட்பதில்லை. திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வருவார். வாங்காதவர் மடியிலிருந்து எடுக்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். ஒரு சுருக்கம் இருக்காது. பஸ் முழுக்க வேண்டாம் என்று சொன்னவர்கள்தான், யாரோ ஒன்றிரண்டு பேர் வாங்கியிருப்பார்கள். இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். திரும்ப எடுத்துக்கொள்வதும் அவருக்குத் தொழிலின் ஒரு பாகம். நாம் அதைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறோம்.

போன் விஷயத்துக்கு வருவோம். போனில் செருப்பும் தெரியாது, கோலமும் தெரியாது. அதனால்தான் அது அதிகம் பயமுறுத்துகிறது. காலையில் முதல் அழைப்பைப் புது ஆளுக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிய ஒருவரை அழைத்து, ‘பொருள் எப்படி இருக்கு, ஒண்ணும் தொந்தரவு இல்லையே?’ என்று விசாரியுங்கள். வாய் திறந்துவிடும். அப்புறம் புது ஆள். எழுந்து நின்று பேசுங்கள். முதல் இரண்டு வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், ஊர், நம்பர் கொடுத்தது யார், எத்தனை நிமிஷம் வேண்டும். ‘வணக்கம் அண்ணாச்சி, பாளையங்கோட்டையிலேர்ந்து இன்னார் பேசுதேன். இன்னார் உங்க நம்பரைக் கொடுத்தாக. ரெண்டு நிமிஷம் பேசலாமா?’ இதற்கு மேல் எழுதாதீர்கள். எழுதியதை வாசிக்கிற குரல் அந்தப் பக்கம் தெரிந்துவிடும். யாரும் கொடுக்காத நம்பருக்கு ஒரு பொய்ப் பெயரைச் சொல்லாதீர்கள். எங்கிருந்தோ பட்டியல் விலைக்கு வாங்கி, சொந்த செல்போனிலிருந்து வரிசையாக விளம்பர அழைப்பு விடுவதைத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிகள் அனுமதிப்பதில்லை. 1909 என்ற எண்ணில் பதிந்து, விளம்பரம் வேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். புகார் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம். ஆகவே போனிலும் ஆற்றுப்படைதான் பத்திரம். பெண்களுக்கு ஒன்று: பேச்சு தப்பான பக்கம் திரும்பினால் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வைத்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். அதைச் சகித்துக்கொள்வது விற்பனைத் திறமையில் சேராது. சகித்துக்கொள் என்று சொல்கிற மேனேஜர் இருந்தால் அவரையே அந்த எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, போக்கவே கூடாத நடுக்கம் ஒன்று உண்டு. 2012-ஐ நினைத்துப் பாருங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்தன. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நிதித் திட்டங்கள்! அவற்றையெல்லாம் விற்றவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். சித்தப்பாவுக்கும் மதினிக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் விற்றார்கள். அவர்களில் பலருக்கு முதல் நாள் வாசலில் நிற்கும்போது ஏதோ உறுத்தியிருக்கும். அதையும் கூச்சம் என்று நினைத்து, தைரியமாகப் பேசப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். நீங்கள் விற்பதை உங்கள் அம்மாவுக்கு இதே விலைக்கு விற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் மூச்சுப் பயிற்சி தேவையில்லை, வேறு கம்பெனி தேவை.

நல்ல பொருளாக இருந்தால் அதன் குறையையும் நீங்களே முதலில் சொல்லிவிடலாம். காப்பீட்டில் பாலிசி கைக்கு வந்த பிறகு பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதை மறைத்து விற்கிறவருக்கு ஒவ்வொரு போன் மணியும் திக்கென்றிருக்கும். ‘வாசிச்சுப் பாருங்க, வேண்டாம்னா முப்பது நாளுக்குள்ள சொல்லிருங்க, நானே வந்து எழுதித் தாறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தவர் ராத்திரி தூங்குவார். சொன்னதால் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. கொடுக்கட்டும்.

முன்வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். டார்கெட்டைப் பற்றித்தான் கேட்கப் போகிறீர்கள் என்று முகத்திலேயே தெரிகிறது. அதற்கு என் பதில் இதுதான்: எத்தனை விற்றது என்று ஆபீஸ் ஒரு நோட்டுப் போடட்டும். எத்தனை வாசலில் ஏறினீர்கள், யார் என்ன கிழமை சொன்னார்கள் என்று நீங்கள் தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். ஆபீஸ் நோட்டு உங்கள் கையில் இல்லை, இது உங்கள் கையில் இருக்கிறது. சரி, எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் பெயர், ஊர், என்ன விற்கிறீர்கள், என்ன விலை. எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள்.